கரி பிடித்த பிளக்

அந்த வாரமும் வண்டி பாலத்து ஏற்றத்தில்தான் நின்றது. முதலில் ஓர் இருமல். அடுத்து இன்னொன்று. அப்புறம் தொண்டை அடைத்தவன் மூச்சுக்குத் தவிப்பது போல ஓர் இழுப்பு. அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்காரன் வாயைத் திறக்காமல் ஹாரனிலேயே திட்டித் தீர்த்தான். வண்டியை ஓட்டி வந்தவன் இறங்கி அதை ஓரமாகத் தள்ளினான். சீட்டுக்கு அடியில் கைவிட்டு பிளக் ஸ்பேனரை எடுத்தான். இந்த வேலை இப்போது கைக்குப் பழகிவிட்டது. மனைவி இருந்தவரை அவனுக்கு அந்த வண்டியில் பின் சீட் மட்டும்தான் தெரியும்.

சூடான பிளக்கைத் துணியால் பிடித்துக் கழற்றினான். கறுப்பு. காய்ந்த கறுப்புகூட இல்லை. மையில் முக்கி எடுத்தது போல ஈரக் கறுப்பு. முகர்ந்து பார்த்தான். பெட்ரோல் வாடையைவிட எண்ணெய் வாடைதான் தூக்கலாக இருந்தது. துடைத்து, உப்புத்தாளால் நுனியைத் தேய்த்து, திரும்ப மாட்டி உதைத்தான். வண்டி ஒரு மூட்டைப் புகையைக் கக்கிவிட்டு எழுந்தது. நடைபாதையில் போன பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பார்வை பார்த்தாள். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கூனிக் குறுகியிருப்பார்கள். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மனைவி போனதிலிருந்து அவனுக்கு எதுவும் ஆவதில்லை.

வண்டி அவளுடையது. அதற்கு முன்னால் அவள் அப்பாவுடையது. அவர் இளவயதில் ஆசைப்பட்டு வாங்கிய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள், பெட்ரோலோடு எண்ணெயும் கலந்து ஊற்ற வேண்டிய பழைய ரகம். கல்லூரிக்குப் போகிற வயதில் அவள் சாவியைத் திருடித் திருடி ஓட்டிப் பழகினாள். ஒரு நாள் திருடாமலே எடுத்துக்கொண்டு போனாள். அன்றோடு வண்டி கைமாறிவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவன் அந்த வீட்டுக்கே குடிவந்தான். தினமும் காலையில் அவள் ஓட்ட, அவன் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவான். "பார்சல் போகுது பாருடா" என்று தெருமுனையில் யாராவது சொல்லுவார்கள். "ஒடையாம கொண்டு போய்ச் சேத்துடறேன், நீ உன் வேலையப் பாரு" என்று அவள் திரும்பிக் கத்துவாள். அவன் சிரிப்பான். அவனுக்கு அப்படி உட்கார்ந்து போவதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

சாகப்போகிறவர்கள் கடைசியில் பெரிய வார்த்தை ஏதாவது சொல்லுவார்கள் என்று அவன் நினைத்திருந்தான். அவள் எண்ணெயைப் பற்றிச் சொன்னாள்.

"வண்டிய நிறுத்திடாதீங்க. நின்னா துருப்பிடிச்சுப் போயிடும். பெட்ரோல் போட்டா ஆயில் ஊத்தணும். ஊத்தலன்னா என்ஜின் செத்துடும். அப்பாவ நம்பாதீங்க, அவருக்கு மறதி. நீங்கதான் பாத்துக்கணும்."

"சரி."

"சரின்னு சொல்லாதீங்க. ஊத்தறேன்னு சொல்லுங்க."

"ஊத்தறேன்."

அவ்வளவுதான். வேறு எதையும் அவள் அவனிடம் கேட்கவில்லை. அதனால் அந்த ஒரு வேலையை அவன் உயிரைப் பிடித்துக்கொள்வது போலப் பிடித்துக்கொண்டான். அவனுக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஊரில் இருக்கிற கிணறு, குழாய், தொட்டி எல்லாவற்றிலிருந்தும் பாட்டிலில் வரும் தண்ணீரை அளந்து, கலக்கி, எழுதிவைக்கிற வேலை. அங்கே விளிம்பு உடைந்ததென்று ஒதுக்கிப்போட்ட ஓர் அளவுக் குழாயைக் கேட்டு வாங்கி வந்தான். பெட்ரோல் போட்ட அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் வாசல் கதவைச் சாத்துவான். குழாயைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பிடித்து, கோடு தப்பாமல் எண்ணெயை அளந்து டேங்கில் ஊற்றுவான். வண்டியை இப்படியும் அப்படியும் ஆட்டிக் கலக்குவான். ஒரு சொட்டு கூடாது, ஒரு சொட்டு குறையாது. நாளில் அந்த ஒரு வேலையின்போது மட்டும் கைகள் தன்னுடையவை என்று அவனுக்குத் தோன்றும்.

அப்படியும் பிளக் கறுத்தது. வண்டி வாரம் தவறாமல் நின்றது. இப்படியே போனால் ஒரு நாள் ஒரேயடியாக நின்றுவிடும். அவள் சொன்ன ஒரே ஒரு காரியத்தையும் அவன் கோட்டைவிட்டவனாகிவிடுவான்.

வீட்டில் அவனும் மாமனாரும் மட்டும்தான். மாமியார் முன்பே போய்விட்டார். மாமா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஓய்வு பெற்றவர். ஊருக்கெல்லாம் பார்வை தீட்டிக் கொடுத்தவருக்கு இப்போது ஒரு கண்ணில் திரை விழுந்திருந்தது. இருவருக்கும் சண்டை இல்லை. பேச்சும் இல்லை.

"டீ இருக்கு."

"சரி மாமா."

"மோட்டார் போட்டாச்சு."

"சரி மாமா."

ஒரு நாளுக்கு இந்த அளவு பேச்சு போதுமானதாக இருந்தது. ஒருவர் ஹாலுக்கு வந்தால் மற்றவர் மரியாதையாக எழுந்து அறைக்குள் போய்விடுவார். வண்டியின் பக்கம் மாமா திரும்புவதே இல்லை. அவன் கிக்கரை உதைக்கும்போதெல்லாம் பேப்பரை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொள்வார்.

மெக்கானிக்குக்கு ஊரில் 'ஒட்டகம்' என்று பெயர். உயரம் ஒரு காரணம், கழுத்து ஒரு காரணம், எதையாவது மென்றுகொண்டே இருப்பது இன்னொரு காரணம். முகத்துக்கு நேரே எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை மூலையில் ஓர் உடைந்த நாற்காலி. அதில் காலையிலிருந்து ஒருவர் உட்கார்ந்து பட்டறைக்கு வருகிற செய்தித்தாளை வரி விடாமல் படிப்பார். அவருக்கு 'ஓசிப் பேப்பர்' என்று பெயர். அவருக்கும் வண்டிகளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கருத்துக்கு மட்டும் குறைவில்லை.

"இது பிளக் கோளாறு" என்றார் ஒட்டகம், முதல் தடவை. "இந்த பிளக்குக்கு சூடு பத்தல. சூடு இருந்தாதான் அதுவே கரியச் சுட்டுத் தள்ளும். வேற நம்பர் போட்டுத் தர்றேன். அப்புறம் பாரு, குதிரை மாதிரி போவும்."

குதிரை அடுத்த வாரமே பாலத்தில் படுத்துக்கொண்டது.

"ஏர் பில்டர் அடைச்சிருக்கு" என்றார் இரண்டாவது தடவை. "காத்து வரலன்னா பெட்ரோல் மட்டும் உள்ள போவும். அப்புறம் கரி பிடிக்காம என்ன பண்ணும்?" பில்டரைக் கழுவினார். கையோடு கார்புரேட்டரையும் பிரித்துக் கழுவினார். ஒன்றும் நடக்கவில்லை.

அடுத்த தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வண்டி தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறது என்பது போல எழுந்து நின்றார்.

"எண்ணெய் எங்கிருந்தோ உள்ள வருது. கியர் பக்கத்து ஆயில் சீல் போயிருக்கும். கியர் எண்ணெய என்ஜின் உறிஞ்சுது. பிரிச்சுடலாம்."

"பிரிச்சுத்தான் ஆகணுமா அண்ணே?"

"நீ வயித்த வலின்னு போனா டாக்டர் சட்டைய மட்டும் பாத்துட்டு அனுப்புவானா?"

"இவரு டாக்டரா இருந்தா இந்நேரம் பேஷண்ட் பாலத்துலயே போயிருப்பான்" என்றார் ஓசிப் பேப்பர், தலை நிமிராமல்.

என்ஜின் கீழே இறங்கியது. இரண்டாகப் பிளந்தது. ஒட்டகம் சீலை எடுத்து விரலால் அழுத்தினார், வெயிலில் காட்டினார், திருப்பினார். ரப்பர் புதிது போல அமுங்கி எழுந்தது. நல்ல சீல். கியர் எண்ணெயும் ஒரு சொட்டு குறையவில்லை. அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரித்ததை ஒன்று சேர்த்து முடிக்க மறுநாள் ஆகிவிட்டது.

"ஆயில் எவ்வளவு ஊத்தற?" என்றார் கடைசியில்.

"அளந்துதான் ஊத்தறேன்."

"எல்லாரும் அளந்துதான் ஊத்தறேம்பானுங்க."

"அளவுக் குழாய்ல அண்ணே. மில்லி கணக்கா. அதுதான் என் தொழிலே."

ஒட்டகம் டேங்கின் அடிக் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்தார். நிறம் அடர்த்தியாகத்தான் தெரிந்தது. ஆனால் கண்ணால் பார்த்து எதையும் நம்புவது அவன் வேலையில் வழக்கமில்லை. கையோடு கொண்டுவந்திருந்த தன் குழாயில் சரியான அளவுக்குப் புதிதாக ஒரு கலவை கலந்தான். "ஒரு பேப்பர் குடுங்க" என்றான்.

"ஏய், ஏய், விளையாட்டுப் பக்கம் இன்னும் படிக்கல" என்று ஓசிப் பேப்பர் அலறுவதற்குள் ஒட்டகம் ஒரு தாளைக் கிழித்துவிட்டார்.

அவன் தாளில் இரண்டு சொட்டு விட்டான். ஒன்று புதுக் கலவை. ஒன்று டேங்கில் இருந்தது. பெட்ரோல் பறந்து போகும்வரை மூன்று பேரும் தாளைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். புதுக் கலவை விட்ட இடத்தில் மெல்லிய எண்ணெய் வட்டம் நின்றது. டேங்கில் எடுத்தது விட்ட இடத்தில் பெரிய வட்டம். அதன் வழியாகத் தாளின் அந்தப் பக்கத்து எழுத்தெல்லாம் தெரிந்தது.

"அளவுக்கு ரெண்டு மடங்கு" என்றார் ஒட்டகம். "மில்லி கணக்காம்!"

"நான் ஊத்தல."

"அப்ப ஆவி வந்து ஊத்துதா? வீட்ல வேற யாராச்சும் ஊத்தறாங்களா?"

"மாமா மட்டும்தான் இருக்கார். அவரு வண்டிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார்."

ஒட்டகம் டேங்கைக் காலி செய்து, அவன் அளந்த கலவையை ஊற்றி, புது பிளக் போட்டுக் கொடுத்தார். "ஒரு டேங்க் ஓட்டிப் பாரு. உன் குழாயத் தூக்கிப் போட்டுட்டு ஒரு நல்ல அளவு மூடியா வாங்கு" என்றார்.

மாமா ஊற்றுவதை அவன் பார்த்தது தற்செயலாகத்தான். முந்தின நாள் மாலை பெட்ரோல் போட்டு, வழக்கம்போல அளந்து ஊற்றியிருந்தான். விடிகாலையில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று எழுந்து சமையலறைப் பக்கம் போனான். ஜன்னல் கம்பி வழியே வாசல் தெரிந்தது. பனியனோடு மாமா வண்டியின் பக்கத்தில் நின்றிருந்தார்.

அவர் பெட்ரோல் மூடியைத் திறந்தார். நல்ல கண்ணை ஓட்டையில் வைத்து உள்ளே பார்த்தார். வண்டியை லேசாக ஆட்டி, மட்டம் ஏறியிருக்கிறதா என்று திரும்பவும் பார்த்தார். தோளில் கிடந்த துண்டுக்குள்ளிருந்து ஒரு சிறிய பாட்டில் வந்தது. கூடவே மருந்து அளக்கிற பிளாஸ்டிக் மூடி ஒன்று. கோடு போட்ட மூடி. அவளுக்கு இருமல் மருந்து ஊற்றிக் கொடுத்த மூடி. அதில் எண்ணெயை ஊற்றி முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கொஞ்சம் கூடுதலாகவே போயிருக்கும். டேங்கில் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். மூடியைத் திருகினார். டேங்கின் மேல் உள்ளங்கையால் தட்டிக் கொடுத்தார். தூங்க வைக்கிறவர்கள் தட்டுவது போல, மெதுவாக.

அவன் சத்தமில்லாமல் அறைக்குத் திரும்பிக் கட்டிலில் உட்கார்ந்தான். நெஞ்சில் ஏதோ ஒன்று நகர்ந்தது. பல மாதமாக அங்கே எதுவும் நகர்ந்ததில்லை என்பதால் அது வலிதான் என்று புரியவே நேரமானது.

போய்ச் சொல்லியிருக்கலாம். 'மாமா, நானும் ஊத்தறேன். யாராவது ஒருத்தர் ஊத்தினா போதும்.' ஒரே வாக்கியம். ஆனால் அதைச் சொன்னால், அவர் உடனே "அப்ப நீங்களே ஊத்துங்க மாப்ள" என்று சொல்லிவிட்டு பாட்டிலை உள்ளே வைத்துவிடுவார். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். பெற்றவருக்கு அவள் நினைவாக இருப்பது இந்தத் தட்டிக் கொடுத்தல் ஒன்றுதான் போலிருக்கிறது. அதையும் பிடுங்குவானேன்? அவன் அளவுக் குழாயை அலமாரியில் பழைய துணிகளுக்குப் பின்னால் வைத்தான். எண்ணெய் டப்பாவை அதன் பக்கத்தில் வைத்தான். இனி அவர் ஊற்றட்டும்.

அடுத்த தடவை பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தபோது அவனுக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. வண்டியை நிறுத்தினான். கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். உள்ளே போனான். அன்று டீ ஆறிப்போகும்வரை குடிக்கவில்லை.

ஆனால் வண்டி தேறிவிட்டது. பாலத்தை ஒரே மூச்சில் ஏறியது. புகை நாளுக்கு நாள் மெலிந்தது. பிறகு இல்லாமலே போனது. பட்டறை வழியாகப் போனபோது ஒட்டகம் கையைத் தட்டி நிறுத்தினார்.

"பாத்தியா? இந்தக் கை பட்டா செத்த வண்டியும் எழுந்து ஓடும்."

"பாதிய நீ பிரிச்சே கொன்ன, மீதி தானா பொழச்சிருக்கு" என்றார் ஓசிப் பேப்பர்.

வீட்டில் மாமாகூட ஒரு நாள் பேப்பரை இறக்கிவிட்டுச் சொன்னார்: "புகை இல்ல போல."

"ஆமா மாமா. நின்னுடுச்சு."

"நல்லது."

ஏதோ இன்னும் சொல்ல வந்தவர் போல அவர் தொண்டையைச் செருமினார். அவனுக்கும் நாக்கு நுனிவரை வந்தது. இருவரும் காத்திருந்தார்கள். அவர் பேப்பரைத் திரும்ப உயர்த்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். கறுப்பின் சுவடே இல்லை. காய்ந்து, வெளுத்து, சாக்பீஸ் போல இருந்தது. கறுப்பு நோய் என்றால் வெளுப்புதானே குணம்? யாரிடமும் காட்டவேண்டும் என்று தோன்றவில்லை. திரும்ப மாட்டினான். ஏற்றங்களில் என்ஜினுக்குள் மெல்லியதாக ஒரு கிணுகிணுப்பு கேட்டது. சாவிக்கொத்து ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டான்.

கண் மருத்துவமனை ஊருக்கு வெளியே இருந்தது. மாமாவுக்குத் திரையை எடுக்க நாள் குறிப்பதற்கு ஒரு வெள்ளிக்கிழமை வரச்சொல்லியிருந்தார்கள்.

"நான் பஸ்ல போயிக்கறேன்."

"வண்டியிலயே போயிடலாம் மாமா. லீவு சொல்லிட்டேன்."

அவர் வண்டியை ஒரு தடவை பார்த்தார். மருத்துவமனை பைலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் ஏறினார். முந்தின நாள் மாலையே டேங்கை நிரப்பிவைத்திருந்தான். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர்கள். ஆளில்லாத நேரான சாலை. வண்டி என்றைக்கும் இல்லாத அளவுக்கு லேசாக ஓடியது. அவன் இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

ஒரு கிறீச்சல். தகரத்தைத் தகரத்தால் கிழிக்கிற மாதிரி. பின் சக்கரம் அப்படியே இறுகிப் பூட்டிக்கொண்டது. வண்டி பாம்பு போல நெளிந்து இழுத்துக்கொண்டு போனது. அவன் கிளட்ச்சை எப்போது அழுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. சக்கரம் விடுபட்டு, சாலை ஓரத்து மண்ணில் குத்தி நின்றது. மாமா சரிந்து, முழங்காலில் விழுந்து, எழுந்தார். பைலில் இருந்த தாள்கள் மண்ணில் பரவின.

"அடி பட்டுடுச்சா மாமா?"

"தோல்தான். உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல."

அவன் கிக்கரில் கால் வைத்தான். இறங்கவில்லை. முழு உடம்பையும் ஏற்றி நின்றான். கிக்கர் சுவர் மாதிரி இருந்தது. என்ஜினிலிருந்து காய்ந்த இரும்பு கருகுகிற வாடை வந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்தான். விரலை நனைத்துத் தேய்த்துப் பார்த்தான். வழுவழுப்பே இல்லை. ஒரு நொடியில் விரலில் ஈரம் பறந்து வெறும் தோல் மிஞ்சியது.

"மாமா, நீங்க ஆயில் ஊத்தலையா?"

மாமா மண்ணிலிருந்து தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"நீங்க ஊத்தலையா?"

"நீங்க ஊத்தறதப் பாத்தேன். அதான் நான் நிறுத்திட்டேன்."

"நீங்க குழாய் வெச்சு அளந்து ஊத்தறதா பட்டறைக்காரன் சொன்னான். பால் வாங்கப் போனப்போ. வேற யாரோ கூடுதலா ஊத்தி பிளக்கக் கெடுக்கறாங்கன்னான். அதான் நான் விட்டுட்டேன். உங்களோடதாச்சே, நீங்களே ஊத்தட்டும்னு..."

ஒரு லாரி போனது. தூசி அடங்கும்வரை இருவரும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள்.

"உங்ககிட்டயும் ஊத்தச் சொன்னாளா?" என்றான்.

"சொன்னா. 'அவருக்கு அளக்கத்தான் தெரியும்ப்பா, ஞாபகம் இருக்காது. நீங்க பாத்துக்குங்க'ன்னா. உங்ககிட்ட?"

"உங்களுக்கு மறதின்னா."

மாமாவின் தொண்டையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று நினைத்து அவன் நிமிர்ந்தான். சிரிப்பு இல்லை. அவர் மைல்கல்லில் உட்கார்ந்தார். கால்சட்டை முழங்காலில் கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"அன்னைக்கும் இதேதான்" என்றார்.

"என்னைக்கு?"

"ஆஸ்பத்திரியில. நீங்க அவகூடத் தனியா இருக்கட்டும்னுதான் நான் கீழ இறங்கிப் போனேன்."

அவனுக்கு அந்த நடைக்கூடம் ஞாபகம் வந்தது. உச்சி வெயில் ஜன்னலில் அடித்த நேரம். மாமா லிப்ட் பக்கமிருந்து வந்துகொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அவர் மகளோடு இருக்கட்டும் என்று எதிர்ப் பக்கத்துப் படிகளில் அவன் இறங்கியிருந்தான். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, கதவருகே நர்ஸ் நின்றிருந்தாள். இத்தனை நாளாக, உள்ளே அவளோடு மாமா இருந்திருப்பார் என்றே அவன் நம்பிக்கொண்டிருந்தான். கேட்டதில்லை. எதற்குக் கேட்பது, அது அப்பா மகள் விஷயம் என்று இருந்துவிட்டான்.

"நீங்க உள்ள போறதுக்காகத்தான் நான் வெளிய வந்தேன்" என்றான்.

மாமா தலையை ஆட்டினார். அவருக்கு அது இப்போதுதான் தெரிந்ததா, முன்பே தெரியுமா என்று அவனால் சொல்ல முடியவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு பக்கம் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, ஊரைப் பார்த்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தார்கள். கிளட்ச்சை அழுத்திப் பிடித்து அவன் விரல் மரத்துப்போனது. மாமா நொண்டிக்கொண்டே வந்தார். ஒரு சரக்கு ஆட்டோக்காரன் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டு பட்டறையில் இறக்கிவிட்டான்.

ஒட்டகம் வண்டியைப் பார்த்ததும் ஸ்பேனரை எடுத்தார். பிளக்கைக் கழற்றினார். வெள்ளை நுனியில் உருகிய அலுமினியப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அதை உள்ளங்கையில் வைத்து அவனிடம் காட்டினார். சிலிண்டரைக் கழற்ற வரவில்லை. மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்துப் பிரித்தார். பிஸ்டன் வெளியே வந்தபோது அதன் ஒரு பக்கம் பட்டை பட்டையாக உரிந்திருந்தது. சிலிண்டரின் உட்சுவரில் நகத்தால் பிராண்டியது போலக் கோடுகள்.

"அன்னைக்கு ரெண்டு மடங்கு. இன்னைக்கு ஒரு சொட்டு இல்ல" என்றார். "நீங்க ரெண்டு பேரும் வண்டிய வெச்சுட்டு என்னதான் பண்றீங்க?"

அவன் சொன்னான். நாலு வாக்கியத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஓசிப் பேப்பர் செய்தித்தாளை மடித்து மடியில் வைத்தார். அவர் எதையும் சொல்லாதது அந்தப் பட்டறையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஒட்டகம் பிஸ்டனைத் துணியில் வைத்தார். "இந்த சிலிண்டர் அவ்வளவுதான். வேற சிலிண்டர் தேடணும். அதுக்கு ஏத்த பிஸ்டன் தேடணும். பழைய வண்டி, கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போவும். தேடறது என் பாடு. நாள் ஆகும். ஆனா ஒண்ணு. இனிமே ஆயில் ஊத்தப்போறது யாருன்னு இப்பவே சொல்லணும். ஒரே ஒரு ஆள். இன்னொருத்தர் டேங்க் மூடிய தொடவே கூடாது. அதச் சொன்னாதான் இந்த வேலையில நான் கை வெப்பேன்."

மாமா அவன் பக்கம் திரும்பினார். அவன் மாமாவைப் பார்த்தான். அவர் என்ன சொல்லுவார் என்று அவனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தான். 'மாப்ளையே ஊத்தட்டும்.' அவன் நாக்கிலும் 'மாமாவே ஊத்தட்டும்' தயாராக இருந்தது. இரண்டு பேரும் அதைச் சொன்னால் அதே நடைக்கூடம்தான், அதே படிக்கட்டுதான். மாமா வாயைத் திறந்தார்.

"நான்" என்றான்.

தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. ஒட்டகம்கூடச் சற்றுப் பின்வாங்கினார்.

"நான்தான் ஊத்துவேன்" என்று திரும்பவும் சொன்னான். "மாமா வேண்டாம்."

மாமாவின் வாய் மூடிக்கொண்டது. அவர் முகத்தில் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தான். வரவில்லை. "சரி" என்றார். கிழிந்த கால்சட்டையைத் தட்டிவிட்டு, பைலை எடுத்துக்கொண்டு பட்டறையை விட்டு வெளியே போனார்.

அவன் வண்டியை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தபோது அவர் சாலையைக் கடக்காமல் ஓரத்திலேயே நின்றிருந்தார். திரை விழுந்த கண் இருக்கிற பக்கத்திலிருந்துதான் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவன் அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"நான் என்ன சொல்ல வந்தேன்னு கேக்க மாட்டீங்களா?" என்றார் மாமா, சாலையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன மாமா?"

"நானும் 'நான்'னுதான் சொல்ல வந்தேன்."

அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். 'அப்ப நீங்களே ஊத்துங்க மாமா' என்கிற வார்த்தைகள் பழக்கதோஷத்தில் வாய்வரை வந்து வரிசையில் நின்றன. அவற்றை விழுங்கினான். மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த வேலை அவனுக்கு வேண்டும். அவருக்கும் வேண்டும் என்று தெரிந்த பிறகும் வேண்டும்.

மாமா காத்திருந்தார். பிறகு காத்திருப்பதை விட்டார்.

"இந்தப் பக்கம் இப்ப எதுவும் வரல" என்றான் அவன். "வாங்க, போயிடலாம்."